துடித்தால்தான் குற்றம்

எங்கள் கால்பந்து மைதானத்தில் இனவெறி அடியோடு ஒழிந்துவிட்டது. ரசிகர்கள் வசைபாடும்போது ஆட்டக்காரரின் நாடித்துடிப்பு எகிறினால்தான் குற்றம் என்று விதி வந்ததிலிருந்து குற்றமே இல்லை.

நேற்றும் மிசோரம் ஆட்டக்காரர் லால்ரின்மாவியாவின் கண்களைச் சொல்லி ஒரு கேலரியே ஊளையிட்டது. ஒன்பது வருடமாகக் கேட்டுப் பழகியவர். நாடியை அளக்க அவர் மணிக்கட்டில் கட்டியிருந்த கைப்பட்டியில் துடிப்பு எகிறவில்லை. கண்காணிப்பாளர் தணிகைமலை பெரிய திரையில் 'நல்லிணக்க ஆட்டம்' என்று போட்டார். ஊளையிட்டவர்களே கைதட்டினார்கள்.

ஆட்டம் முடிந்ததும் லால்ரின்மாவியாவின் ஐந்து வயது மகள் ஓடிவந்து அவர் தோளில் ஏறினாள். கேலரி இருவரையும் பார்த்து மறுபடி ஊளையிட்டது.

“அப்பா, நம்ம கண்ணுக்கு என்ன ஆச்சு?”

கைப்பட்டி சிவந்து அலறியது.

தணிகைமலை கடிகாரத்தைப் பார்த்தார். “மேட்ச் முடிஞ்சு நாலு நிமிஷம் ஆச்சு சார். இப்ப துடிச்சா செல்லாது.”