செம்புச் சுருள்

நீச்சல் குளத்திலிருந்து வாங்கி வந்த பழைய ஹீட்டரோடு பழைய இரும்புக் கடைக்காரர் நாளெல்லாம் மல்லுக்கட்டி, உள்ளே இருந்த செம்புச் சுருளை உருவி எடுத்தார். சுத்தியல் தவறியதில் சுருளின் ஓரம் கொஞ்சம் நசுங்கிவிட்டது. விடிந்து பார்த்தால் வீட்டுக் கொல்லையில் போட்டு வைத்த சுருளைக் காணோம்.

தன் கடையில் எடை போடும் அக்கா வந்து கடை திறக்கும்வரைகூடப் பொறுக்காமல், ஊரில் இருந்த மற்ற இரும்புக் கடைக்காரர்களை ஒரு பிடி பிடித்தார்.

"திருடுனவனைக் கூட விட்டுடலாம்யா. எங்கேர்ந்து வந்துச்சுன்னு ஒரு வார்த்தை கேக்காம வாங்கிப் போடுறீங்க பாரு, உங்களைத்தான் முதல்ல உள்ள தள்ளணும்."

"எங்ககிட்ட வரலைண்ணே" என்று எல்லாரும் கையை விரித்தார்கள்.

தொண்டை கட்டி, மத்தியானம் கடைக்குத் திரும்பினார். தராசுக்குப் பக்கத்தில் அக்காவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"காலைல ஒருத்தன் செம்பு கொண்டாந்தான்டா. அடிமாட்டு விலைக்கு அமுக்கிட்டேன்."

சாக்கை விலக்கினார். ஓரம் நசுங்கிய அதே சுருள்.

"எங்கேர்ந்து கொண்டாந்தேன்னு அவனை ஒரு வார்த்தை கேக்கலியா?" என்று கத்தினார்.

அக்காவுக்கும் கோபம் வந்துவிட்டது.

"எதுக்குடா கத்துற? கேட்டா அடுத்த கடைக்குப் போயிடுவான், வாயை மூடிக்கிட்டு எடை போடுன்னு என்னை இங்க உக்கார வச்ச அன்னைக்கே சொன்னது யாரு?"