தெருவுக்கு ஒரு சேதி

'கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை' என்று எழுதியிருந்த கதவுக்கு முன்னால், மடியில் ஃபைலோடு மருமகளும் பக்கத்தில் மாமியாரும் உட்கார்ந்திருந்ததை எதிர்வீட்டுக்காரி பார்த்துவிட்டாள். அவள் காதில் விழுந்த சேதி சாயங்காலத்துக்குள் தெருக்கோடி வரை போய்விடும்.

"இங்க எதுக்கு வந்தீங்க?"

"ஏதோ கிருமி இருக்காம். விட்டா புற்றா மாறலாம்னு உள்ள பார்க்கணும்னாங்க" என்றாள் மாமியார்.

எதிர்வீட்டுக்காரி குரலைத் தாழ்த்தினாள். ஆனாலும் கூடம் முழுக்கக் கேட்டது.

"அது ஆம்பளை சகவாசத்துல வர்ற கிருமியாச்சே. வேலைக்குப் போற பொண்ணு, நாலு இடம் சுத்துறவ. நீங்கதான் கண்கொத்திப் பாம்பா பார்த்துட்டு இருந்திருக்கணும்."

மருமகளுக்குக் காது சுட்டது. வாயைத் திறக்கப் போனவளின் கையை மாமியார் அழுத்திப் பிடித்தாள்.

"அடுத்தவங்க வாங்க" என்றாள் நர்ஸ்.

மாமியார் எழுந்து தன் கைப்பையை மருமகளிடம் கொடுத்தாள்.

"கிருமி எனக்குத்தான். எனக்கு வாய்ச்சது ஒரே புருஷன். அவர் போய்ச் சேர்ந்து பத்துப் பன்னிரண்டு வருஷமாச்சு. அவர் கொடுத்தது மட்டும் இன்னும் போகலை. தெருவுல சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லு. அதுக்கு முன்னாடி நீயும் ஒரு சீட்டு வாங்கிட்டு வந்து உட்காரு. உனக்கும் ஒரு புருஷன் இருக்காரே."