செவ்வாய்க்கிழமைக் கட்டம்

"உங்களுக்கு எந்தக் கிழமைங்க லீவு?"

பெண் பார்க்கப் போன அன்று அவள் கேட்ட ஒரே கேள்வி.

"செவ்வாய். ஜவுளிக்கடையில ஞாயித்துக்கிழமை லீவு கேட்டா, அப்புறம் எல்லா நாளும் லீவுதான்."

"எனக்கு ஞாயிறுதானுங்க." கொஞ்சம் யோசித்தாள். "அப்ப சண்டை போடக்கூட நேரம் இருக்காது."

இருவரும் சிரித்தார்கள். பெரியவர்கள் அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டார்கள்.

இப்போது அவன், அவள் பாடம் நடத்தும் வகுப்பில், கடைசிக் கணினியின் முன்னால் உட்கார்ந்திருந்தான்.

சென்னையிலிருந்து இரவு ரயிலில் கோயம்புத்தூர் வந்து இறங்கினால் வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டில் கொடுக்க வேண்டிய சாவியை மறந்துபோய்க் கல்லூரிக்கே கொண்டுவந்துவிட்டாள். வாங்கிப்போக வந்தவனைக் கண்ணாலேயே உட்காரச் சொன்னாள்.

ரயிலில் ஒரு வாக்கியத்தை ஒத்திகை பார்த்திருந்தான்.

வேலையை விட்டுட்டு சென்னைக்கு வந்துடு.

கல்யாணமானதிலிருந்து சொல்ல நினைப்பது. இன்று சொல்லிவிடுவது என்று வந்திருந்தான்.

எம்.பி.ஏ. மாணவர்கள். பாதிப் பேர் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள். எக்செல் வகுப்பு.

கணக்கு எளிதாகத்தான் தெரிந்தது. பல ஊர்க்காரர்கள் சேர்ந்து ஒரு வேலை செய்கிறார்கள். எல்லோரும் கூடிப் பேச வாரத்தில் எந்த நாள்? அவரவர் விடுமுறை நாளுக்கு நேராக ஒன்று என்ற எண்ணைப் போட வேண்டும்.

டாக்காவிலிருந்து வந்த சுமையா வெள்ளிக்கும் சனிக்கும் போட்டிருந்தாள். ஞாயிறு காலியாக இருந்தது.

பக்கத்தில் இருந்த பிரணவ் எட்டிப் பார்த்தான்.

"மேடம், இவங்க ஞாயித்துக்கிழமை வேலை வாங்குறாங்க!"

சிரிப்பு. சுமையாவின் விரல் அழிக்கும் பொத்தானுக்குப் போனது.

பாடம் நடத்திக்கொண்டிருந்தவள் வேகமாக நடக்கவில்லை. ஆனால் விரல் அழுத்துவதற்குள் அங்கே இருந்தாள்.

அழிக்க வேண்டாம் என்றாள். உன் ஊரில் ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா என்ன செய்வார் என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

அலுவலகத்துக்குப் பஸ் பிடிப்பார் என்றாள் சுமையா.

"கேட்டயா பிரணவ்? அவ அப்பாவை நீ வீட்ல உக்கார வெச்சுட்டயே. சம்பளத்தை நீ குடுப்பியா?"

மறுபடியும் சிரிப்பு. இந்த முறை சுமையாவும் சிரித்தாள். பிரணவும்தான்.

பிறகு ஒவ்வொருவரும் தங்கள் ஊர் விடுமுறையை ஒரே தாளில் நிரப்பினார்கள். யாருக்காவது விடுமுறை என்றால் அந்தக் கிழமைக் கட்டத்தின் பச்சை நிறம் அணைந்துவிடும். பெரிய திரையில் முதல் வரி அவளுடையது. ஞாயிற்றுக்கு நேராக ஒன்று.

அவன் பார்த்துக்கொண்டே இருந்தான்.

சேலை விற்பவர்களை அவனுக்குத் தெரியும். இந்த நிறம் உங்களுக்கு எடுக்காது என்று சொல்லாமலே, சரியான சேலையை வாடிக்கையாளர் தானாகத் தொடும்படி வைப்பவர்கள் உண்டு. கடையில் அவன் கவனிக்கும் தளத்தில் அப்படி ஒருத்தர்கூட இல்லை.

இங்கே ஒருத்தி இருந்தாள். அவன் வீட்டுக்காரி.

"சார், நீங்க போடுங்க," என்றான் பக்கத்து நாற்காலி நேபாளத்துப் பையன், கற்றுக்கொண்ட தமிழில்.

அவன் செவ்வாய்க்கு நேராக ஒன்று போட்டான்.

திரையில் செவ்வாயின் பச்சை அணைந்தது.

"மேடம் லீவ் சண்டே, சார் லீவ் டியூஸ்டே. நோ மேட்ச், மேடம்!" என்று கத்தினான் அந்தப் பையன்.

வகுப்பே கைதட்டியது. அவளும் சிரித்தாள்.

எல்லோரும் சிரித்து முடித்த பிறகும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மணி அடித்தது. சுமையா கடைசியாகப் போனாள், கதவருகே ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு.

அவன் அந்த வாக்கியத்தைத் தேடினான். மனதில் அப்படியே இருந்தது. இந்த அறைக்குள் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

"நல்லா நடத்துற," என்றான்.

சாவிக்காகக் கையை நீட்டினான்.

அவள் பையிலிருந்து சாவியை எடுத்தாள். கொடுக்கவில்லை.

செவ்வாய்தோறும் இரவு, ரயில் ஜன்னலுக்கு வெளியே நின்று, "ஒண்ணு கேக்கோணுங்க" என்று ஆரம்பிப்பாள். ரயில் நகர்ந்துவிடும். அடுத்த வாரம் என்று கையை ஆட்டுவாள்.

இங்கே நகர்ந்துபோக எதுவும் இல்லை.

"உங்க கடைக்கு இங்க கிராஸ்கட் ரோட்டுல ஒரு கிளை இருக்குதில்லைங்க," என்றாள் திரையைப் பார்த்து.

பிறகு அவனைப் பார்த்தாள்.

"நீங்க இங்கயே வந்துர்றீங்களா?"