மூன்றாம் டேக்

வெயிலையும் பட்டாம்பூச்சியையும் தவிர வேறெதையும் பாடாத குழு அது. சிரித்துக்கொண்டே பாடினால்தான் குரலில் வெளிச்சம் ஏறும் என்பது குழுவை நடத்திய வில்பிரட் போட்ட சட்டம். யாராவது முகத்தைத் தொங்கப்போட்டால் எதிரே வந்து நின்று, தன் உதட்டோரங்களை இரண்டு விரல்களால் மேலே தூக்கிக் காட்டுவான்.

இன்று அவனை அடக்கம் செய்ய மாலை நான்கு மணி குறித்திருந்தார்கள். அவன் எழுதிய கடைசிப் பாட்டில் மனைவி ஹெப்சிபாவின் குரல் மட்டும் பாக்கி. இன்றைக்கு விட்டால் ஸ்டூடியோ கிடைக்காது. வெள்ளைப் புடவையோடு வந்து மைக் முன்னால் நின்றாள். இரண்டு முறை பாடினாள். கண்ணாடிக்குப் பின்னாலிருந்து ஒலிப்பதிவாளர் தாமோதரன் தயங்கித் தயங்கிச் சொன்னார். "சிரிப்பு கேக்கலம்மா. சார் இருந்தா விடமாட்டார்."

மூன்றாம் முறை ஹெப்சிபா சிரித்தாள். பாட்டு முடிந்தும் தாமோதரன் தலை நிமிரவில்லை. "இத்தனை வருஷத்துல நீங்க இவ்வளவு சந்தோஷமாப் பாடி நான் கேட்டதில்லம்மா."

கல்லறைக்கு அழைத்துப்போக வந்த கார் வாசலில் ஹாரன் அடித்தது. ஹெப்சிபா சிரித்த வாயை மூடப் பார்த்தாள், முடியவில்லை. உதட்டோரங்களில் இரண்டு விரல்களை வைத்துக் கீழே இழுத்தாள். விரல்களை எடுத்ததும் உதட்டோரங்கள் மறுபடி மேலே ஏறின.