ஒரு டசின் அங்கி

ஓர் உயிரின் விலை பத்தொன்பது ஈரோ. டசினாய் எடுத்தால் பதினான்கு.

வலன்ரைன் டசினாய் எடுத்திருந்தான். கடலுக்குப் போகப்போவது நாங்கள் இரண்டே பேர்.

"மிச்ச லைஃப் ஜக்கெற் எல்லாம் என்னத்துக்கு? மீனுக்குப் போட்டுவிடப் போறியோ?" என்று கேட்டேன்.

"டசினுக்கு விலை குறைவெல்லோ, அண்ணை."

லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் பலசரக்குக் கடை வைத்திருக்கிற என்னிடம் இந்தப் பதில் செல்லும். நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

ஞாயிறு காலை. கடை வாசலில் என் வான், பின்கதவு திறந்தபடி. வடக்கே டியெப் கடற்கரைக்குப் போய், அலைக்கு அப்பால் பார் மீன் பிடிப்பதாகத் திட்டம். பார் என்றால் எங்கள் கொடுவாவின் ஒன்றுவிட்ட தம்பி. சுவையில் பாதி, விலையில் இரட்டிப்பு.

அந்த மீனுக்குப் போகிற பிரெஞ்சுக்காரர்களிடம் அதற்கென்றே செய்த படகு இருக்கும். மீன் எங்கே நிற்கிறதென்று காட்டும் திரையும், சாய்ந்திருக்க நாற்காலியும் இருக்கும். எங்களிடம் இருந்தது காற்றடிக்கிற ரப்பர்ப் படகு. அதுவும் பழையது. விற்றவன் அழுகிற விலைக்கு நான் பேசி இறக்கியது.

வலன்ரைன் இத்தனை காலமும் கரையில் நின்றே தூண்டில் போட்டவன். பெரிய பார் எல்லாம் படகுக்காரனுக்குத்தான் என்று சொல்லிச் சொல்லி, இந்த முறை நான்தான் அவனை இழுத்தேன்.

சுருட்டிய படகை ஏற்றினோம். பம்ப், சின்ன மோட்டார், பெற்றோல் கான். எல்லாவற்றுக்கும் மேலே செம்மஞ்சள் உயிர்காப்பு அங்கிகள்.

பொலிஸ் கார் ஒன்று மெதுவாக வந்து, வானுக்குப் பின்னால் நின்றது. ஒரு பொலிஸ்காரியும் ஒரு பொலிஸ்காரனும் இறங்கினார்கள்.

அப்போதுதான் என் வானை நான் அவர்களின் கண்ணால் பார்த்தேன்.

ரப்பர்ப் படகில் லண்டனுக்குக் கள்ளமாய் ஆள் ஏற்றுகிற ஏஜென்சிக்காரனின் வான்கூட இவ்வளவு ஒழுங்காக இருக்காது.

பிடித்தால் எனக்கு வான் போகும், கடைக்குக் கெட்ட பெயர் வரும். அதைச் சமாளிக்கலாம். வலன்ரைனுக்கு வருகிற வியாழன் பிறெபெக்சர் அரச அலுவலகத்தில் குடியுரிமைக்கான நேர்முகம். வருடக்கணக்காகக் காத்திருந்து கிடைத்த திகதி. பொலிஸ் ஒரு வரி எழுதினால் போதும், அந்தக் கோப்பை மூடிவிடுவார்கள். பிறகு ஆளையே திருப்பி அனுப்பினாலும் கேட்க ஆளில்லை.

"மீன் பிடிக்கப் போகிறோம், மதாம்" என்றேன், பல்லெல்லாம் தெரிய.

பொலிஸ்காரி வானுக்குள் எட்டிப் பார்த்தாள். "தூண்டில் எங்கே?"

தூண்டில்கள் நகருக்கு வெளியே கூசேன்வில்லில், வலன்ரைனின் வீட்டில். அவன் விமான நிலையத்தில் வேலை முடித்து நேரே இங்கு வந்தவன். போகிற வழியில் எடுப்பதாக இருந்தோம். சொல்லச் சொல்ல எனக்கே அது பொய்போலக் கேட்டது.

கூட வந்த பொலிஸ்காரன் எங்கள் அடையாளக் காட்டுகளை வாங்கிக்கொண்டு காருக்குப் போனான். அவள் அங்கிகளை ஒவ்வொன்றாக இழுத்து நடைபாதையில் போட்டு எண்ணினாள்.

"இரண்டு பேருக்குப் பன்னிரண்டா?"

டசினுக்கு விலை குறைவு என்றேன். வியாபாரத்தில் நான் விலையைப் பற்றி உண்மை சொன்னது அபூர்வம். அவள் அதை வாங்கவில்லை.

"நீங்கள் பேச வேண்டாம். அவர் சொல்லட்டும்."

வலன்ரைனை அப்பால் கூட்டிப்போனாள், பூட்டியிருந்த நகைக்கடை வாசலுக்கு.

அவனுக்கு ஒரு கெட்ட பழக்கம். விளங்காத கேள்விக்கெல்லாம் 'வுய்', ஆமாம் என்று தலையாட்டுவான். ஒருமுறை பல் வைத்தியரிடம் அப்படித் தலையாட்டி நல்ல பல்லைக் கொடுத்துவிட்டு வந்தவன். ஆள் கடத்துகிறாயா என்று இவள் கேட்டு, அதற்கும் 'வுய்' சொன்னால்?

தலைக்கு மேலே பாலத்தில் மெத்ரோ ரயில் ஒன்று இரைந்துகொண்டு போனது. ஒரு சொல்லும் காதில் விழவில்லை. தெரிந்த நாலு பிரெஞ்சுச் சொல்லை வைத்து அவன் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. கையை மார்பளவுக்கு உயர்த்தினான். பிறகு கழுத்தளவுக்கு.

அவள் எழுதுவதை நிறுத்தினாள்.

நான் மனதுக்குள் மடுமாதாவைக் கூப்பிட்டேன். கைவிலங்கு எடுக்கிறாளா என்று அவள் இடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவள் திரும்பி வந்தாள். பொலிஸ்காரனிடம் ஏதோ சொல்லிக் காட்டுகளை வாங்கித் தந்தாள். பிறகு குனிந்து, நடைபாதையில் கிடந்த அங்கிகளைத் தன் கையாலேயே வானுக்குள் வைத்தாள். எறியவில்லை, ஒவ்வொன்றாக அடுக்கி வைத்தாள்.

"கவனமாகப் போங்கள்" என்றாள். என்னிடமல்ல, அவனிடம்.

கார் போய் மறைந்ததும் பின்கதவைச் சாத்திவிட்டு வந்து வானில் ஏறினேன். சிரிப்புத் தானாக வந்தது.

"டேய், எனக்கே மசியாதவள். அப்பிடி என்னத்தைச் சொல்லி மடக்கினனீ?"

அவன் சிரிக்கவில்லை. ஒரு செம்மஞ்சள் அங்கியைப் போட்டு, வார்களை இறுக்கிப் பூட்டியபடி முன் ஆசனத்தில் இருந்தான். கடல் இன்னும் இரண்டரை மணித்தியாலத் தூரத்தில்.

"பேசாலைக் கரையிலை இருந்து இந்தியாவுக்கு வெளிக்கிட்ட எங்கட போட்டைச் சொன்னனான்" என்றான். "ஏறினது பன்னிரண்டு பேர், அண்ணை. கரையிலை இறங்கினது ரெண்டு."