சத்தமில்லாத ஃபேன்

டங்! டங்! டங்!

சுவரை உலக்கையால் இடிக்கும் சத்தம், துஷாந்தி தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்து வாசலுக்கு வரும்போதே கேட்டது.

"அடேய் கிரிஷாந்தா! அந்த மிசினை நீ அமத்துறியா, இல்ல நான் வந்து அமத்தவா? வீட்டுக்குள்ள நெல்லுக்குத்துற மில்லா வச்சிருக்க?"

ஒரே சுவருக்கு அந்தப் பக்கத்துக் காம்பரா வடிவம்மா. வாயா அது? ஸ்பிரிங்வெளி மலையில் கத்தினால் பதுளை பஸ் ஸ்டாண்டில் எதிரொலிக்கும்.

துஷாந்தி பதுளையில் ஒரு மருந்துக்கடையில் வேலை. வேலையில் இருந்தாலும் நெஞ்சு வீட்டில்தான் கிடந்து அடித்துக்கொள்ளும். போன மழைக்கு மகன் ரிஷிக்குக் காய்ச்சலில் வலிப்பு வந்தது. அன்றிலிருந்து இப்படித்தான். அன்றைக்கும் இந்த வடிவம்மா, "என்னா புள்ள வளக்குறீங்க?" என்று கதவை உதைத்துக்கொண்டு சண்டைக்கு வந்தவள்தான்!

துஷாந்தி செருப்பைக் கழற்றினாள். "ரிஷிக்கண்ணா!" என்று கூப்பிட்டாள். அவ்வளவுதான், சுவர் இடிப்பது நின்றுவிட்டது.

"பாத்தீங்களா? என் குரலைக் கேட்டதும் பொட்டிப்பாம்பு ஆயிட்டா. கான்வென்ட்ல படிச்சவன்னா ஒரு பயம்!"

கணவன் கிரிஷாந்தனுக்குக் கேட்கவே இல்லை. காதில் பெரிய ஹெட்போன். மில் போல இரைகிற கம்ப்யூட்டரில் யாரோ ஒரு மாப்பிள்ளை மெதுவாகத் தாலி கட்டிக்கொண்டிருந்தான். கல்யாண வீடியோ வெட்டி ஒட்டுவதுதான் அவன் தொழில். தோட்டத்துப் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பரா மூடுகிற நேரத்தில் மகனைத் தூக்கி வந்து பாயில் விட்டுவிட்டு உட்காருவான். துஷாந்தி வந்து தோளைத் தட்டினால்தான் உலகம் தெரியும்.

"என்னங்க!"

"ஆ... வந்துட்டியா?"

"ஊரே ஏசுது. இந்தக் கம்ப்யூட்டர் பொட்டி ஃபேனைக் கழட்டிப் போடுங்க."

"கழட்டினா சூடேறி மிசின் நின்னுரும். தகரத்துக்குக் கீழ இருக்கோம், ஏசி ரூம்லயா? நேத்து பொண்ணு மாலை மாத்துற இடத்துல நின்னுபோச்சு. பொண்ணோட அப்பா போன்ல என்னைத்தான் மாத்தப் பாத்தாரு."

அடுத்த நாளே வேலை இடைவேளையில் துஷாந்தி பஜாரில் றினாஸ் நானாவின் கம்ப்யூட்டர் கடைக்குப் போனாள்.

"நானா, காத்து வரணும், சத்தம் வரக்கூடாது. அப்பிடி ஃபேன் இருக்கா?"

றினாஸ் சிரித்தார். "பொஞ்சாதிமார்ட்ட புருசன்மாரும் இதத்தான் கேக்குறாங்க, தங்கச்சி. இப்ப என்ன ஃபேன் போட்டீக்கு?"

"உள்ளங்கை அளவு. நாலு."

"அதான்! குட்டி ஃபேன் காத்துக் குடுக்க பேய் மாதிரி சுத்தணும். சத்தம் போடாம என்ன செய்யும்? பெருசாப் போடுங்க. மெதுவாச் சுத்தினாலும் அதே காத்து வரும். முன்னுக்கு ரெண்டு உள்ள இழுக்கட்டும், பின்னுக்கு ஒண்டு சூட்ட வெளிய தள்ளட்டும். சூடு ஏறினா மட்டும் வேகம் கூடுற மாதிரி வச்சித் தாறன்."

"பக்கத்து வீட்டுக்காரிக்குக் கேக்கக் கூடாது, நானா. உறங்குற பூனை மாதிரி இருக்கணும்."

"அப்பிடி என்ன பெரிய ஆளு அவ?"

"பெரிய ஆளா? கொழுந்து எடுக்குறவ. மலையிலருந்து வந்தா கைகால் கழுவுறதுகூட இல்ல. இடுப்புல கட்டின படங்குச் சாக்கோடயே செவுத்துப் பக்கம் வந்து நின்னுக்குவா. இதுல அம்மாவுக்கு எங்க சத்தம் தாங்கல!"

மறுநாள் ஞாயிறு. கிரிஷாந்தன் புது ஃபேன்களை மாட்டி சுவிட்சைப் போட்டான். ஓடுகிறதா என்று கையை வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. பெட்டி சுடவும் இல்லை.

திங்கட்கிழமை வேலை முடிந்து வரும்போது லயத்தில் உலக்கைச் சத்தம் இல்லை. துஷாந்திக்குப் பெருமை பிடிபடவில்லை. ஆனாலும் விட மனசு வரவில்லை. இவ்வளவு நாள் வாங்கிய ஏச்சுக்கு இரண்டு வார்த்தையாவது திருப்பிக் கொடுக்க வேண்டாமா? தன் வீட்டுக்குள் போகாமல் நேரே வடிவம்மாவின் வாசலுக்குப் போனாள்.

கதவு திறந்துதான் கிடந்தது. துஷாந்தி உள்ளே எட்டிப் பார்த்தாள்.

வடிவம்மா பலகையில் உட்கார்ந்திருந்தாள். இடுப்பில் அதே ஈரப் படங்கு. பக்கத்தில் ஆறிப்போன தேத்தண்ணி. கண்ணை மூடி, காதைச் சுவரோடு சுவராக ஒட்ட வைத்திருந்தாள்.

ஓகோ! கதை இதுதானா?

"சத்தம் பொறுக்கலன்னு ஏசுனது இதுக்குத்தானா அக்கா? நாங்க பேசுறது சரியாக் கேக்கலையோ? வெக்கமா இல்ல, அடுத்தவங்க வீட்டை ஒட்டுக்கேக்குறீங்களே!"

வடிவம்மா கண்ணைத் திறந்தாள். அசரவில்லை.

"ஆமா, ஒட்டுத்தான் கேக்குறேன். என்னாங்குற இப்ப?"

"எதுக்கு?"

"எதுக்கா? ஒன் புருசன் ரெண்டு காதையும் பொத்திக்கிட்டு ஊரான் கல்யாணத்தப் பாக்குறான். கெடக்குறது வலிப்பு கண்ட புள்ள. அன்னிக்கு அழுத அழுகை சட்டுன்னு நின்னதக் கேட்டுத்தானே வந்து கதவை ஒதச்சேன்? சொன்னா, புருசனக் கொற சொல்றேன்னு நெனப்ப. அந்தப் பாழாப்போன ஃபேனு வந்ததுலருந்து புள்ள இருமுறதுகூட இந்தப் பக்கம் கேக்கல. இடிக்காம என்ன செய்ய?"

துஷாந்தி வடிவம்மாவின் வாசலிலேயே செருப்பைக் கழற்றினாள்.

வடிவம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தாள்.

"சரி, நீதான் வந்துட்டேல்ல. இனி நான் படங்கை அவுக்கலாம்."