தாளப்பெட்டியைத் திருகியவன்

"எவனோ ஒருத்தன் இந்தப் பெட்டியத் திருகுதான். எவன்னு நான் சொல்லல்ல. ஆனா ஒரு நாள் கையில கிட்டுனான்னா, அவனுக்க கைய ஒடிப்பேன்!"

ஞாயிறு ஆராதனை முடிந்து போதகர் ஐயர் இன்னும் வாசலைத் தாண்டவில்லை. அதற்குள் வேதமாணிக்கம் ஆரம்பித்துவிட்டார். பாறசாலைச் சந்தையில் வாழைக்குலை மொத்த வியாபாரி. சபையின் பாடகர் குழுத் தலைவர். முதல் குரலும் அவர்தான். அதை அவர் யாருக்கும் விட்டதில்லை.

திருகப்பட்டது குழுவின் தாளப்பெட்டி. தாளத்தை அமைத்து வைத்தால் டிரம்ஸ் மாதிரி தானே வாசிக்கும். வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஓரத்தில் ஒரு குமிழ்.

"நேத்து நூத்தியிருபதுல வச்சேன். இப்பப் பாரு, தொண்ணூத்தெட்டு! பெருங்கடவிளைச் சபைக்காரன் துள்ளித் துள்ளிப் பாடுதான். நாம செத்தவனுக்க அடக்க ஆராதனைக்குப் போற மாதிரி பாடுதோம்."

"பழைய பெட்டியில்லியா மாமா, தானா எறங்கும்" என்றாள் கீபோர்டு வாசிக்கும் ஷீனா. அவருடைய மருமகள்.

"தானா எறங்குததுக்கு அது என்ன, வாழைக்குலைக்க விலையா?"

"எறங்குனா என்ன? பாட்டு நல்லாத்தானே இருந்தது" என்றான் பேஸ் கிட்டார் ஜெயதாஸ்.

"நல்லா இருந்தது எனக்க தொண்டையாக்கும். பெட்டியில்ல!"

விளைச்சலைக் காணிக்கையாகப் படைக்கும் அறுப்பின் பண்டிகைக்கு முன் புதுசு வாங்கியே தீருவது என்று முடிவெடுத்தார். பழைய பெட்டியே போதும் என்று குழு முழுவதும் ஒரே குரலில் சொன்னது. எந்தப் பாட்டிலும் அவர்கள் அப்படி ஒன்றாகச் சேர்ந்ததில்லை. அவருக்குச் சந்தேகம் இன்னும் கூடியது.

நெய்யாற்றின்கரையில் அனூப்பின் இசைக்கருவிக் கடை மாடியில் இருந்தது. பாதிப் படியில் நின்றார் வேதமாணிக்கம். ஷீனாவோடு ஏற்கெனவே மேலே போய் நின்ற ஜெயதாஸைப் பார்த்து, "என்னலே, ஆமை மாதிரி வாறே?" என்று ஆசை தீரத் திட்டிவிட்டு மீதியை ஏறினார். படி எங்கே வந்தாலும் பாதியில் நின்று யாரையாவது திட்டுவது அவர் வழக்கம்.

அனூப் இரண்டு சரக்கை எடுத்து வைத்தான். குமிழ்கள் நிறைந்த புதுப் பெட்டி ஒன்று. தாளம் போடும் சாஃப்ட்வேர் ஏற்றிய லேப்டாப் ஒன்று.

"மேடைக்குப் பெட்டியாக்கும் நல்லது, சேட்டா. எல்லாம் கைக்கு எட்டும். பாட்டுக்கு நடுவிலயும் மாத்தலாம்."

"அதாக்கும் எனக்க தலைவேதனை! கைக்கு எட்டப்பிடாது. பூட்டு உண்டா?"

"சாஃப்ட்வேருக்கு பாஸ்வேர்ட் போடலாம். பின்ன, சேட்டனத் தவிர ஒரு ஆளுக்கும் தொட ஒக்காது."

"அத எடு. விலை?"

அனூப் சொன்னான். கடைச் சுவரில் தொங்கிய கிட்டார்கள் அதிர்ந்தன.

"எலே, எடை போட முடியாத சாதனத்துக்கு இந்த விலையா? குலைன்னா தூக்கிப் பாக்கலாம். காம்பக் கீறிப் பாக்கலாம். இதுல என்னத்தலே பாக்கது? உள்ள டிரம்மும் இல்ல, தோலும் இல்ல, அடிக்கதுக்கு ஆளும் இல்ல!"

"பெட்டியே வாங்குவோம் மாமா" என்று இழுத்தாள் ஷீனா.

"நீ பேசாத நில்லு மக்ளே. வியாபாரம் நடக்குதில்ல?"

மதியம் வரை நடந்தது. பழைய பெட்டியை மாற்றாகத் தள்ளிவிட்டு, லேப்டாப்புக்கு ஒரு பையையும் சும்மா பிடுங்கிக்கொண்டுதான் படியிறங்கினார். இறங்கும்போது யாரையும் திட்டவில்லை.

பாஸ்வேர்டை வீட்டில்கூடச் சொல்லவில்லை. பயிற்சி நாட்களில் மற்றவர்களைத் திருத்தவே நேரம் போதாததால், அவர் பாடிப் பார்க்கவும் இல்லை.

பண்டிகை நாள். ஏலத்துக்கு வந்த குலைகளும் சேவல்களும் முற்றத்தில் காத்திருக்க, உள்ளே பாட்டு தொடங்கியது. நூற்றியிருபது. யாரும் தொட முடியாத நூற்றியிருபது.

முதல் சரணம் பறந்தது. இரண்டாவதில் வேதமாணிக்கத்தின் கழுத்து நரம்பு புடைத்தது. மூன்றாவதில் வாய் திறந்தது. மைக்கில் வெறும் காற்றுதான் வந்தது.

லேப்டாப்புக்கு அதெல்லாம் தெரியாது. துள்ளிக்கொண்டே போனது.

அவர் திரும்பிப் பார்த்தார்.

ஷீனாவின் இடது கை கீபோர்டை விட்டு, பழைய பெட்டி இருந்த இடத்துக்குப் போய், அங்கே இல்லாத குமிழை மெல்லத் திருகிக்கொண்டிருந்தது. அதே இடத்துக்கு ஜெயதாஸின் கையும் பழக்கமாக வந்து அவள் கையில் முட்டியது.

"மாமா, பாஸ்வேர்ட்!" என்று கிசுகிசுத்தாள்.

அதைச் சொல்ல மூச்சு இருந்தால் அவர் பாட்டையே பாடியிருப்பார்.

ஜெயதாஸ் ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கினான். மிச்சப் பாட்டைச் சபையே கைதட்டி, மெதுவாகப் பாடி முடித்தது.

அடுத்த சனிக்கிழமை பயிற்சிக்கு வேதமாணிக்கம் பழைய பெட்டியோடு வந்தார். அனூப் கேட்ட விலையை வாய் திறக்காமல் கொடுத்து மீட்டாராம். சந்தையில் இன்னும் யாரும் அதை நம்பவில்லை.

பெட்டியை ஷீனாவின் இடது கைப்பக்கம் வைத்தார். நூற்றியிருபதில் நிறுத்தினார். பிறகு யார் முகத்தையும் பார்க்காமல் சுவரைப் பார்த்துக் கத்தினார்.

"எவனோ ஒருத்தன் இந்தப் பெட்டியத் திருகிட்டு இருந்தான். எவன்னு நான் கேக்கல்ல. நாளைக்கு ரெண்டாம் சரணம் வரும்போ அவன் மரியாதையா வந்து திருகிடணும். திருகல்லேன்னா, அவனுக்க கைய ஒடிப்பேன்!"